ஏழு இடத்தில் உட்கார்ந்தவர்

"ஐயையோ, என்னால ஆவலை ராஜம்மா. கொஞ்சம் ஒக்காந்துக்கிறேன்" என்று நெஞ்சைப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டார் கலியபெருமாள்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறத் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் இது மூன்றாவது இடம்.

"இன்னாய்யா நீ! வெயில் ஏறுறதுக்குள்ள உச்சிக்குப் போவ வேணாமா?" என்றாள் அவர் மனைவி ராஜம்மாள். ஆனாலும் புருசனைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியுமா? அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ராஜம்மாள் சிங்கவரத்துக்காரி. பொழுது விடிந்தால் இந்த மலையின் முகத்தில்தான் விழிப்பாள். ஐம்பத்து நான்கு வயதாகியும் ஒரு தடவைகூட ஏறியதில்லை. நாற்று, களை, அறுப்பு, பிள்ளைகள் என்று காலம் ஓடியே போய்விட்டது. உச்சியில் ஒரு தடவையாவது நின்றுவிட வேண்டும் என்று ஆறு மாதமாக ஒரே பிடிவாதம்.

சென்னையிலிருந்து மகள் சுவாதி போனில் வந்தாள்.

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குதில்ல? மெதுவா ஏறணும், அடிக்கடி ஒக்காரணும். நெஞ்சு படபடன்னு வந்துச்சுன்னா அங்கியே திரும்பிடணும். உச்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"ஒக்கார்றதைத் தவிர உங்க நைனா வேற இன்னா பண்றாரு?" என்று போனை வைத்தாள் ராஜம்மாள். பாதியிலேயே திரும்ப வேண்டி வருமோ என்று அவளுக்கு உள்ளூர பயம்தான்.

நாலாவது இடத்தில் கல்லூரிப் பையன்கள் சிலர் அவர்களைக் கடந்து போனார்கள். "அம்மாவைப் பாருடா, செம கெத்து! ஐயாதான் பாவம், பஞ்சர்!" என்று சிரித்தான் ஒருவன்.

"ஆமா தம்பி, வயசாயிடுச்சு" என்று கலியபெருமாளும் சேர்ந்து சிரித்தார். ரோஷமே இல்லாத மனிதர்!

உட்கார்ந்ததில் ஒரு லாபமும் இருந்தது. நிதானமாகச் சுற்றிப் பார்க்க நேரம் கிடைத்தது. ஒரு மலையில் இறங்கி அடுத்த மலையில் ஏறி ஓடிய மதிலைப் பார்த்து ராஜம்மாள் வாயைப் பிளந்தாள்.

"யப்பா! இம்மாம் பெரிய கல்லை எப்பிடித்தான் மேல ஏத்துனாங்களோ!"

"ராசா பேரைத்தான் எழுதி வெச்சிருக்கான். தூக்குனவன் பேரை எவன் எழுதுனான்?" என்றார் கலியபெருமாள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே மலை இரண்டாகப் பிளந்து கிடந்தது. நடுவில் ஒரு சின்னப் பாலம். அதற்கு முன்னால் ஏழாவது முறையாக உட்கார்ந்தார். புஸ் புஸ் என்று மூச்சு விட்டார்.

"திரும்பிடலாமாய்யா?" என்று மெல்லக் கேட்டாள் ராஜம்மாள்.

"இவ்ளோ தூரம் வந்துட்டுத் திரும்புறதா? கால் மணி நேரம் குடு, எல்லாம் சரியாயிடும்."

கால் மணி நேரம் கழித்துப் பாலத்தைத் தாண்டினார்கள். கடைசிப் படியும் முடிந்தது.

அடேயப்பா! எதிரே கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரி, சுற்றிலும் உருண்டு கிடக்கிற பாறைகள், கண்ணுக்கு எட்டிய வரை பச்சைப் பச்சையாக நெல் வயல். காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. ராஜம்மாள் அழுதேவிட்டாள். சந்தோஷம்தான்.

குரங்குகள் எட்டாத மண்டபத்துக்குள் உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தார்கள்.

"எறங்கும்போதும் இப்பிடித்தான் ஏழு எடத்துல ஒக்காருவியா?"

"பின்ன? எறங்கும்போதுதான் முட்டி ரொம்ப வலிக்கும்" என்றார் கலியபெருமாள், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

ராஜம்மாள் ஒரு கைப்பிடிச் சோற்றை அதிகமாகவே அவர் இலையில் வைத்தாள்.

"நேத்துகூட மார்க்கெட் கமிட்டியில அறுவது நெல்லு மூட்டையைத் தூக்கி லாரியில போட்ட ஆளு, இந்தப் படி ஏற முடியலையாம்! எனக்கு ஆபரேஷன் பண்ணது நெஞ்சுலதான்யா, கண்ணுல இல்ல."