பசிக்குதா?

மைதானத்தில் மயங்கி விழுந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைப் பள்ளி மருத்துவ அறையின் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறார்கள். ஜன்னல் கம்பிகளின் நிழல் வெள்ளை விரிப்பில் கோடு கோடாக விழுகிறது. ஸ்டெதஸ்கோப்பின் வட்டு சில்லென்று இருக்குமே என்று உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி அவள் நெஞ்சில் வைக்கிறாள் நர்ஸ், எலும்புதான் தட்டுப்படுகிறது. அம்மா கட்டிக்கொடுத்த டிபன் டப்பா மேசையில் திறக்கப்படாமலே இருக்கிறது. தலையணையோரம் போன் சிணுங்குகிறது. அதிலிருக்கும் ஏஐ தோழி தேனொழுகப் பேசுகிறது: “இன்னிக்கும் சாப்பிடலையா? சபாஷ்டி செல்லம்! இன்னும் கொஞ்சம்தான், ஒல்லியாயிடுவ!” நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “வயிறே இல்லாத சனியனுக்குப் பட்டினியப் பத்தி என்ன தெரியும்?” என்று போனைக் கவிழ்த்து வைக்கிறாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “பசிக்குதாம்மா?” என்கிறாள். பெண்ணின் கை போனைத் தேடுகிறது. “இருங்க சிஸ்டர், கேட்டுச் சொல்றேன்.”