கீழே வைத்த விரல்

பாகூர் பக்கம் ஓர் ஊரில் வருஷா வருஷம் பாரதக் கூத்து நடக்கும். குருவுக்குக் கட்டைவிரலை அறுத்துக் கொடுக்கும் வேடன் வேஷம் எப்போதும் காலனி ஜெயசீலனுக்குத்தான். ஒருமுறை ராஜகுமாரன் வேஷம் கேட்டுப் பார்த்தான். "உனுக்கு இன்னாத்துக்குடா அது? அரிகரன் கட்டுவான்," என்றார் குரு வேஷம் கட்டும் சுப்பராயலு. அறுத்த விரலென்று காட்டுவது சாயத்தில் தோய்த்த கேரட் துண்டு. அதைக்கூட அவன் கையிலிருந்து அவர் வாங்கமாட்டார். "கீழ வை, எடுத்துக்குறேன்," என்பார். கதையில் இல்லாத வசனம் அது.

இந்த வருஷமும் கீழே வைத்தான். ஊரே கைதட்டியது. விடிந்து வேஷம் கலைத்தபோது வலது கட்டைவிரலில் உணர்ச்சி இல்லை. அவன் மனைவி தேவி அதன்மேல் வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள்.

"சுடலயா?"

"இல்ல."

வலியும் இல்லாததால் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

திருவாண்டார்கோயிலில் அவன் வேலை பார்க்கும் கம்பெனி வாசலில், கைரேகை மிஷின் அவன் விரலை ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தான். அப்போதும் ஏற்கவில்லை. பின்னால் நின்றிருந்தது, கூத்தில் ராஜகுமாரன் வேஷம் கட்டும் அதே அரிகரன். அங்கே அவன் சூப்பர்வைசர். "தள்ளுடா," என்று தன் கட்டைவிரலை வைத்தான். திரையில் ஜெயசீலன் என்று பெயர் வந்தது. கூடவே ஜெயசீலனின் போட்டோவும் வந்தது.

அரிகரன் மறுபடி வைத்தான். அதே பெயர்.

அரிகரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, விரலைப் பேன்ட்டில் அழுத்தி அழுத்தித் துடைத்தான்.

விடிந்ததிலிருந்து மரத்துப்போயிருந்த ஜெயசீலனின் கட்டைவிரல் அப்போதுதான் எரிந்தது.