பதினாலாம் நம்பர் படம்

"முன்னால கிடக்கிற மூணு நாற்காலியும் பெரிய மனுசங்களுக்கு. படம் போட்டவரு நின்னாப் போதும்" என்றார் கலைச் சங்கச் செயலாளர் நல்லகாமன்.

அதன்படியே, மின்விசிறிக்கு நேர் கீழே சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால் முதலாளி கருத்தக்கண்ணன் உட்கார்ந்தார். அவருக்கு வலப்பக்கம் டாக்டர் முத்திருளன், இடப்பக்கம் நல்லகாமனே. ஓவியன் தவசி கதவோரமாக நின்றான்.

மதுரையில் அவன் வைத்த முதல் கண்காட்சிக்கு அன்று கடைசி நாள். சாயங்காலம் ஆறு மணிக்குள் பதினாலாம் நம்பர் படம் விலை போயாக வேண்டும். போகாவிட்டால் மூன்று மாதப் பாடும் வீண்.

டாக்டர் ஒவ்வொரு படத்தையும் நோயாளியின் நாக்கைப் பார்ப்பதுபோல் பார்த்து, மாட்டுக்கு மடி சின்னது, மரத்துக்கு இலை போதாது என்று குறை சொல்லிக்கொண்டே போனார். நல்லகாமனுக்கு அந்தச் சிரமமும் இல்லை. சட்டத்தைத் தட்டிப் பார்த்து, தேக்கு என்றால் ஏழு ரூபாய் தேறும் என்றார்.

பதினாலாம் நம்பரில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால், ஒற்றைப் பனை, ஓரமாக ஒரு வாய்க்கால், இரண்டு மாடுகள். காலையில் அதன் விலை பதினைந்து ரூபாய். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மணிபர்ஸைத் திறந்ததும் தவசி விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு ஐம்பது என்று எழுதினான். மத்தியானம் டாக்டர் தம் ஆஸ்பத்திரிக்கு அதைக் கேட்டார். உடனே நூறாயிற்று.

"வாங்க வர்றவனைக் கண்டா விலையை ஏத்துறியே, கத்திரிக்கா விக்கிறவளுக்கு இருக்கிற புத்திகூட உனக்கு இல்லையேப்பா" என்றார் நல்லகாமன்.

தவசி நூறு ரூபாய்ச் சீட்டை இன்னும் அழுத்தி ஒட்டினான்.

கருத்தக்கண்ணன் எழுந்து கொட்டாவி விட்டபடியே படங்களைப் பார்த்து வந்தார். லட்சுமி படம் ஒன்றுகூட இல்லாத இடத்துக்குத் தம்மை ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்டார். பதினாலாம் நம்பருக்கு முன்னால் கொட்டாவி பாதியில் நின்றது.

"இது எந்த ஊரு?"

"உங்க ஊருதாங்க."

"நேர்ல பாத்தா வரைஞ்சே?"

"பாக்காம வரைய முடியுங்களா, ஐயா?"

பேரம் பேசாமல் நூறு ரூபாயை எடுத்து நீட்டினார் கருத்தக்கண்ணன். அதுவரை சட்டத்தை மட்டுமே பார்த்த நல்லகாமன், வண்ணத்தில் ஏதோ தத்துவம் இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் மாட்டின் மடியை மன்னித்துவிட்டார்.

"இதே மாதிரி இன்னும் பத்து வரைஞ்சு தாரேங்க" என்றான் தவசி.

கருத்தக்கண்ணன் அவனை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். இனி வரையவே கூடாது, எழுதிக் கொடு என்றார்.

"எதை வரையக் கூடாதுன்னு ஐயாவே சொல்லிருங்க. மாடா, பனையா? வெவரமா எழுதலேன்னா நாளைக்குக் கை தவறிரும்."

அவர் குனிந்து அவன் காதில் சொன்னார். சொன்னபடியே இரண்டு தாளில் எழுதி, இரண்டிலும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கருத்தக்கண்ணன் ஒரு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படத்தோடு கிளம்பினார். வீட்டில் எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று டாக்டர் கேட்டது அவர் காதில் விழவில்லை.

எல்லாரும் போன பிறகு, தவசி மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து கடிதம் எழுதினான்.

"மலைச்சாமியின் வக்கீல் ஐயா அவர்களுக்கு. தம் கொடிக்காலை ஒட்டி மலைச்சாமியின் கொடிக்காலுக்குத் தண்ணீர் போன வாய்க்கால் ஒருநாளும் இருந்ததே இல்லை என்று கோர்ட்டில் சத்தியம் செய்தாரே கருத்தக்கண்ணன், அவர் கையெழுத்திட்ட தாள் இத்துடன் இருக்கிறது. 'என் கொடிக்காலுக்கு மேற்கே முன்பு ஓடிய வாய்க்காலை இனி எந்தப் படத்திலும் வரையக் கூடாது' என்பது அவரே சொன்ன வாசகம். அவர் வருவதற்குள் வேறு யாரும் வாங்கிவிடக் கூடாதே என்று விலையை இரண்டு தடவை ஏற்ற வேண்டியதாயிற்று. நான் இன்றுவரை சோழவந்தானில் கால் வைத்ததில்லை. மலைச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வரைந்த படம் அது."

உறையை ஒட்டி அரக்கு வைத்தான். மறுநாள் காலை தபாலாபீஸ் திறந்ததும் முதல் பதிவுத் தபாலாக அது போயிற்று.