பதினோராம் எண் வீட்டை மீட்டது

கதவைத் துளைப்பதற்கு முன் மூன்று முறை கூப்பிட வேண்டும் என்றாள், நீதிமன்றம் அனுப்பிய அமலாக்க அதிகாரி ஜீபெக்.

மூன்று முறையும் நானே கூப்பிடுகிறேன் என்றேன். பதினான்கு மாதமாக மனசுக்குள் கத்திக் கத்திப் பழகிய தொண்டை.

"ஜுமகதிர்! கதவைத் திறங்க! கோர்ட் ஆர்டரோட வந்திருக்கோம்!"

குரல் கம்பீரமாகத்தான் இருந்தது. ஜீபெக்கின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு கத்தினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜுமகதிர் இளவயதில் மல்யுத்தம் பிடித்தவர். எனக்கு மூட்டுவலி.

வீடு என்னுடையது. கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில், ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி, பதினோராம் எண். ஜுமகதிருக்கு எழுத்துப்பூர்வமாக வாடகைக்கு விட்டிருந்தேன். ஒரு மாதம்கூட அவர் வாடகை தவறியதில்லை. வழக்குப் போட்ட பிறகு நான்தான் வாங்க மறுத்தேன்.

சொந்த உபயோகத்துக்கு வீடு தேவை என்று நீதிபதியிடம் சொன்னேன்.

உண்மைக் காரணம் ஓர் ஆட்டுத்தலை.

விருந்தில் மிகவும் மதிக்கப்படுபவருக்குத்தான் அதை வைப்பது எங்கள் வழக்கம். ஒரு கல்யாணத்தில் அதைத் தட்டில் ஏந்தி என் பக்கமாகக் கொண்டுவந்தார்கள். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாரானேன். தட்டு என்னைத் தாண்டிப்போய் ஜுமகதிர் முன்னால் உட்கார்ந்தது. அவர் வேண்டாம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்ல வேண்டாமா? ஒரு காதை அறுத்து, சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினார்.

காதைப் பொடியன்களுக்குத்தான் கொடுப்பார்கள். எனக்கு நாற்பத்தேழு வயது. இரண்டு வீட்டுக்குச் சொந்தக்காரன்.

மறுநாளே வக்கீலைப் பார்த்தேன்.

ஒரு வாய்தாவுக்கும் ஜுமகதிர் வரவில்லை. திமிர் என்றேன். அப்படியே பதிவு செய்யச் சொன்னேன்; நீதிபதி செய்யவில்லை. தீர்ப்பு மட்டும் எனக்குச் சாதகமாக வந்தது.

வேலை முடிந்ததும் வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு வந்து, எதிர்ப்புறப் பஸ் நிறுத்தத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். மூன்றாம் மாடி ஜன்னலில் விளக்கு எரியும். ஒருநாள் அங்கிருந்து ஒரு கை அசைந்தது. நக்கல்! அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மூன்றாவது முறை கூப்பிட்டும் பதில் இல்லை. ஜீபெக் தலையசைத்தாள். பூட்டுக்காரர் துளைப்பானை வைத்து அழுத்தினார். பூட்டு கதறிக்கொண்டு உள்ளே விழுந்தது.

நான் ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டேன். பாதுகாப்புக்கு.

கதவு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. ஒரு நாற்காலிகூட இல்லை. தண்ணீர்க் குழாய்களை இறுக்க மூடி, தரையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். துடைத்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். தூசியில் ஜீபெக்கின் காலடி அச்சுப்போல் பதிந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தமாரா அக்கா, கையில் ரொட்டிப் பையோடு மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"அடப்பாவிகளா, நல்ல கதவை நாசம் பண்ணிட்டீங்களே! சாவி என்கிட்டதானே இருக்கு! எட்டு மாசமா வெச்சிருக்கேன்!"

"அப்ப நாங்க ஒட்டின நோட்டீஸெல்லாம்?" என்றாள் ஜீபெக்.

"பாக்க அசிங்கமா இருந்துச்சு. கிழிச்சுப் போட்டேன்."

நான் படியேறி முன்னால் வந்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா?"

"எப்படிச் சொல்ல? பஸ் ஸ்டாப்புல வந்து வந்து நிப்பே. ஜன்னல்லேருந்து கையாட்டினேன். மூஞ்சிய வெட்டிக்கிட்டுப் போயிட்டே."

இத்தனை நாளாக நான் முறைத்தது அவள் ஜன்னலை. சொந்த வீட்டின் ஜன்னல் எது என்று தெரியாதவனுக்குத்தான் வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது.

பூட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஜீபெக் ஜன்னல் திட்டில் தாளை விரித்து எழுத ஆரம்பித்தாள். காலி செய்தவரின் இப்போதைய விலாசத்தையும் எழுத வேண்டுமாம்.

"நரின்ல இருக்கார். அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. தூக்கி உக்கார வெக்கக்கூட ஆள் வேணும். சேதி வந்த அன்னிக்கே மூட்டையைக் கட்டிட்டார்" என்றாள் தமாரா அக்கா.

"யாரோட அம்மா?" ஜீபெக் நிமிராமலே கேட்டாள்.

தமாரா அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. நான் துளைபட்ட பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாதாம்மா. இவன் இளையவன்."

ஜீபெக்கின் பேனா நின்றது. உத்தரவை எடுத்து, இரண்டு பெயர்களுக்கும் பக்கத்தில் இருந்த தந்தை பெயரைப் படித்தாள். பிறகு மிச்சத்தை எழுதி முடித்தாள்.

அந்த எட்டு மாதத்தில் எங்கள் சொந்த ஊரான நரினிலிருந்து எத்தனையோ அழைப்புகள் வந்தன. சமாதானம் பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒன்றையும் நான் எடுக்கவில்லை. மனைவி இரண்டு முறை ஏதோ சொல்ல வந்தாள். அந்த ஊர்ப் பேச்சே இந்த வீட்டில் கூடாது என்று கையை உயர்த்தினேன்.

ஜீபெக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வீடு முழுமையாக என் வசம் வந்தது.

தமாரா அக்கா சாவியை நீட்டினாள். வாங்கிக்கொண்டு, நரினுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"புதுப் பூட்டு எங்க கிடைக்கும், அக்கா?" என்று கேட்டது என் வாய்.