விழுகிற விதம்

“தொட்டாலே விழுந்து உருளுறானுங்க. இதெல்லாம் ஒரு ஆட்டமா மச்சான்?” என்றான் அவள் கணவன், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

டிவியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. எவனோ ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு புல்லில் புரண்டான்.

சோபாவின் மறு ஓரத்தில் இருந்த அவள் அண்ணனுக்குச் சுருக்கென்றது. விடுமுறை நாட்களில் அவன் கால்பந்துக்கு நடுவர். விசில் ஊதி ஊதியே வாழ்க்கையில் பாதி போன ஆள். கணவனோ கம்பெனி ரக்பி அணியில் முன்வரிசைக்காரன், கழுத்து எது தோள் எது என்று தெரியாத உடம்பு. இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. பெண் கொடுத்து எடுத்த உறவு என்பதால் கைகலப்பு மட்டும்தான் பாக்கி.

இருவருக்கும் நடுவே காபியை வைத்துவிட்டு அவள் கதவோரம் நின்றாள்.

அண்ணன் எப்போதாவது வருகிறவன். இன்னும் சற்று நேரத்தில் வண்டி ஏறிவிடுவான். அதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து தொண்டை வரை வருகிறது, வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. தனியாகப் பிடித்துச் சொல்லலாமென்றால் கணவன் நிழல் மாதிரி கூடவே இருக்கிறான்.

ஸ்வெட்டரின் கை நுனியை இழுத்து உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் அறை புழுங்கியது. இந்த வெக்கையில் ஸ்வெட்டர் எதற்கு என்று அண்ணன் வந்ததுமே கேட்டான்தான். ஜுரம் என்று பதில் சொன்னது கணவன். கேட்டவனும் அதோடு விட்டுவிட்டான்.

பேச்சு தடித்தது.

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது விளையாட்டா, மூட்டை தூக்குகிற வேலையா என்றான் அண்ணன். ஓடுவது முன்னால், பந்தைக் கையால் போடுவது பின்னால், இதை எந்த அறிவாளி கண்டுபிடித்தான்? எங்கள் ஆட்டத்தில் பந்தைத்தான் பறிப்பார்கள், உங்கள் ஆட்டத்தில் ஆளையே சாய்த்துவிட்டு அதற்குக் கைதட்டல் வேறு.

கணவன் சிரித்தான். அவன் சிரித்தால் பல் மட்டும்தான் தெரியும்.

ரக்பிக்காரன் அடி வாங்கினால் அழமாட்டான் என்றான். விலா எலும்பு முறிந்தாலும் எழுந்து ஓடுவான், நடுவரிடம் போய் மூக்கைச் சிந்த மாட்டான். தோளுக்கு மேலே கை வைக்கக் கூடாது, முகத்தில் படக் கூடாது. கீழே எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

சொல்லும்போது அவளை ஒரு பார்வை பார்த்தான். அண்ணன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சட்டம்னா எங்க சட்டம் மச்சான். கீழ விழுந்தா கையில இருக்கறத உடனே விட்டுடணும். இறுக்கிப் பிடிச்சிட்டுக் கிடந்தா அதுதான் தப்பு.”

அண்ணனும் விடவில்லை. நடிப்பு எது, நிஜ வலி எது என்று எனக்கு ஒரே பார்வையில் தெரியும், அந்தக் கண் உங்கள் ஆட்டத்தில் ஒருவனுக்கும் கிடையாது என்று மார்தட்டினான். தட்டிவிட்டு மணி பார்த்தான். பையைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டான்.

அவள் டிவியைப் பார்த்தாள்.

டிவியில் புரண்டவனைச் சுற்றி இப்போது ஒரு கூட்டமே நின்றது. விழுந்தவனுக்காக ஆட்டத்தையே நிறுத்தியிருந்தார்கள். அவனிடம் குனிந்து என்னவோ கேட்டார்கள்.

சொல்லத்தான் வரவில்லை. விழ வரும்.

காபிக் கோப்பைகளை எடுக்கப் போகிறவள் போல நடுவே வந்தாள். விழுந்தாள். கோப்பை ஒன்று உருண்டு சுவரில் முட்டியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் காதில் விழுகிற மாதிரி, “அம்மா” என்று கத்தினாள்.

“பாத்தீங்களா மச்சான், உங்க ஆட்டம்!” என்றான் கணவன்.

அவள் அண்ணன் முகத்தையே பார்த்தாள். அவன் எட்டிப் பார்த்தான். தரையில் தடுக்க ஒன்றுமில்லை. யாரும் அவளைத் தொடவுமில்லை. அவனுடைய இரண்டு கைகளும் தாமாகவே எழுந்தன. உள்ளங்கைகள் மேலே பார்க்க, எழுந்திரு, எழுந்திரு என்று அசைந்தன. மைதானத்தில் நடிக்கிறவர்களுக்குக் காட்டுகிற அதே சைகை.

அண்ணனும் கணவனும் முதல் தடவையாகச் சேர்ந்து சிரித்தார்கள்.

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கணவன் மேல் வந்ததைவிட அண்ணன் மேல்தான் அதிகம். பெரிய நடுவராம், பெரிய கண்ணாம். கணவன் சிரித்துக்கொண்டே டிவி பக்கம் திரும்பிவிட்டான். எழுந்துவிடலாம் என்று தரையில் கையை ஊன்றினாள். அது பழகிப்போன விஷயம்தான். எத்தனை தடவை எழுந்திருக்கிறாள், சத்தம் காட்டாமல்.

ஊன்றிய கைக்குள் ஸ்வெட்டரின் நுனி இன்னும் இறுகிக் கிடந்தது.

விழுந்தால் விட்டுவிட வேண்டும். அவனே சொன்னதுதான்.

விட்டாள்.

தூக்கிவிடச் சொல்லிக் கேட்கிறவள் போல அந்தக் கையை அண்ணனை நோக்கி உயர்த்தினாள். தொளதொளத்த ஸ்வெட்டர் முழங்கை வரை வழிந்து இறங்கியது. மணிக்கட்டிலிருந்து மேலே பழையவை மஞ்சளாக, புதியவை கருநீலமாக. ஒவ்வொன்றும் விரல் விரலாகப் பதிந்திருந்தது. தடித்த, முன்வரிசைக்காரனின் விரல்கள்.

அண்ணனின் உள்ளங்கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றன.

கணவன் மட்டும் டிவியைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.