மூன்றாம் எண் கண்ணாடி

கண்ணாடி உடைந்திருந்தது.

இன்ஜினியர் மண்டியிட்டுப் பார்த்தார். நூலகச் சுவரின் மூலையில் மேலிருந்து கீழாக ஓடிய விரிசலின் குறுக்கே, ஐந்து வாரத்துக்கு முன் அவரே ஒட்டிய மூன்று கண்ணாடித் துண்டுகளில் கடைசி. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் போதும், கண்ணாடி கீறிவிடும்.

ஒரே கோடாகத்தான் கீறும். இதுவோ நொறுங்கி, பாதி தரையில் சில்லுசில்லாகக் கிடந்தது. அப்படியென்றால் சுவர் எவ்வளவு வேகமாக அசைந்திருக்க வேண்டும்! மற்ற இரண்டையும் நிமிர்ந்து பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"எப்ப பார்த்தே?"

"உங்களுக்கு போன் பண்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி" என்றாள் மனைவி.

பழைய செங்கல், சுண்ணாம்புச் சாந்து என்றால் அவளைக் கேட்காமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். நூற்றிருபது வயதான அந்த நூலகத்தைச் சீர்படுத்தும் வேலையில் கணவன் மனைவி இருவருமே இருந்தார்கள். ஆனால் கையெழுத்து போடும் உரிமை அவருக்கு மட்டும்தான்.

ஒரு வாரமாக வீட்டில் இதே சண்டை. "சுவரோட நடுப்பகுதி உள்ளுக்குள்ள ரெண்டா பிரிஞ்சிருக்குங்க. யாரோ வெளிப்பக்கம் சிமென்ட் பூசி, ஈரத்தை உள்ளயே அடைச்சுட்டாங்க. சாந்து மாவாப் போச்சு. தட்டினா டொக்கு டொக்குன்னு கேக்குது. ஜனங்களை வெளிய அனுப்பிடுங்க" என்று அன்று காலையிலும் சொன்னாள்.

"உன் காதை நான் ரிப்போர்ட்ல எழுத முடியுமா? கண்ணாடி அசையல. அசைஞ்சா பார்க்கலாம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆபீஸ் கிளம்பிவிட்டார்.

அவர் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் இப்படித்தான் சந்தேகப்பட்டு ஒரு பழைய மருத்துவமனையை இழுத்து மூடினார். அதன் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'பூட்டு சார்'.

இப்போது கண்ணாடியே சொல்லிவிட்டது. எழுந்து உள்ளே ஓடினார். வாசிப்பறையில் அறுபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். பரீட்சைக்குப் படிப்பவர்கள் வெளிச்சத்துக்காக அந்தச் சுவரை ஒட்டியே மேசை போட்டிருந்தார்கள்.

"எல்லாரையும் உடனே வெளியேத்துங்க!"

நூலகர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மேடமும் நேத்து வந்து இதையேதான் சொன்னாங்க. வாய் வார்த்தைக்கெல்லாம் மூட முடியாது சார். எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க, மூடிடறேன்."

இன்ஜினியர் ஒரு தாளைக் கிழித்து எழுதினார். கையெழுத்து போடும் இடத்தில் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு போட்டார்.

முணுமுணுத்துக்கொண்டே ஜனங்கள் வெளியேறினார்கள். ஒரு பெரியவர் மட்டும் நாற்காலியை விடவில்லை. "கொலைகாரன் யாருன்னு இன்னும் நாலு பக்கத்துல தெரிஞ்சிடும்மா!"

"வெளிய வந்து கண்டுபிடிங்க ஐயா" என்று மனைவி அவர் தோளைப் பிடித்துக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

தெருவை மறித்துக் கயிறு கட்டினார்கள். எதிர்ப்பக்கம் எல்லாரும் நின்றார்கள். இருபது நிமிடம் போனது. நாற்பதானது. சுவர் அசையாமல் வெயில் காய்ந்தது.

"பூட்டு சார்னு சும்மாவா பேர் வச்சாங்க" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சிரிப்பு கேட்டது. இன்ஜினியருக்குக் காது மடல் சுட்டது.

மனைவி வாயே திறக்கவில்லை. சண்டையில் ஜெயித்தால் சும்மா இருப்பவள் அல்ல அவள். "நான் அப்பவே சொல்லல?" என்று ஒரு வார்த்தை வர வேண்டுமே. உதடு வெளுத்துப்போய், சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மணி நேரம் ஆனதும் நூலகர் வந்தார். "மேலிடத்துல இருந்து போன் மேல போன் சார். திறந்துடட்டுமா?"

இன்ஜினியர் பெருமூச்சுவிட்டு, கயிற்றின் முடிச்சில் கை வைத்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மூட்டையிலிருந்து மணல் கொட்டுவது போல, மெதுவாக, உள்ளுக்குள்ளிருந்து. சுவரின் நடுப்பகுதி தொந்தி போல முன்னால் தள்ளியது. மறுகணம் ஜன்னல்களோடு சேர்த்து அந்தப் பகுதி மொத்தமும் சரிந்தது. கூரை உத்தரங்கள் படிக்கும் மேசைகள்மேல் இறங்கின.

செம்புழுதியில் தெரு மறைந்தது. சிறிது நேரம் இருமல் சத்தம் மட்டும்தான்.

"எல்லாரும் இருக்கீங்களா?" நூலகர் கத்தினார்.

"இருக்கேன்... இருக்கேன்..." என்று அந்தப் பெரியவர் புத்தகத்தோடு கையைத் தூக்கினார்.

நூலகர் இன்ஜினியரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இன்ஜினியர் முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் திரும்பினார். குரலில் பெருமை இருந்தது. "பார்த்தியா? நான் நம்பினது வீண்போகல. கண்ணாடி மட்டும் காட்டிக் குடுக்கலேன்னா அறுபது உயிர் போயிருக்கும்!"

அவள் மூலைப் பக்கம் விரலை நீட்டினாள்.

புழுதி அடங்கியிருந்தது. சுவரின் நடுப்பகுதிதான் விழுந்திருந்தது. விரிசல் ஓடிய மூலை அப்படியே நின்றது. அதன்மேல் ஒட்டியிருந்த மற்ற இரண்டு கண்ணாடிகளும் ஒரு கீறல்கூட இல்லாமல் வெயிலில் மின்னின.

"விரிசல் அசையவே இல்லையே..." அவர் குழம்பினார். "அப்ப மூணாவது மட்டும் எப்படி...?"

"அது தானா உடையலைங்க."