ஆட்டம் கண்ட பல்

"பல்லு போனா என் ட்ரம்பெட்டும் போச்சு கெடஸ்!" என்று வாயைத் திறந்தார் ஆர்ச்சி. முப்பது வருடமாக ஸ்காட்லாந்து முழுக்க அவர் ஜாஸ் ஊதியது அந்த முன்பல்லின் பலத்தில்தான். சனிக்கிழமை டண்டீயில் கச்சேரி.

டாக்டர் கெடஸ் வேர்க்க விறுவிறுக்க இரண்டு மணி நேரம் போராடிப் பல்லைக் காப்பாற்றினார். ஆர்ச்சி அவரைக் கட்டிப்பிடித்துவிட்டுக் கிளம்பினார்.

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஷோனாவுக்குப் பொறுக்கவில்லை. "மத்தவங்களுக்குப் பத்தே நிமிஷத்துல பிடுங்கிப் போடுறீங்க. இவருக்கு மட்டும் என்ன கரிசனம் டாக்டர்?"

"இவர் வாசிக்கலைன்னா ரெண்டாவது ட்ரம்பெட்காரன் வாசிக்கணும்."

"வாசிக்கட்டுமே!"

"வேணாம்மா! போன தடவை அவன் ஊதினப்போ பாதிக் கூட்டம் பாருக்கு எழுந்து போயிடுச்சு."

"மீதிப் பாதி?"

"முன்னாடியே அங்கதான் இருந்துச்சு."

"யாரு அந்தப் புண்ணியவான்?"

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "நான்தாம்மா!"